ஓடுற பிள்ளையை உட்கார வைக்காதீங்க! - பீடித்தட்டுக்கும் செல்போனுக்கும் நடுவே ஒரு மூன்று வயது

தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றங்கரை ஊர் வீரகேரளம்புதூர். பஸ் போர்டிலும் பேச்சிலும் 'வீ.கே.புதூர்'. காலைச் சமையல் முடிந்து, பெரிய பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்பியதும் இந்த வட்டாரத்தில் பல வீட்டுத் தார்சாக்களுக்குப் பீடித்தட்டு வந்துவிடும். சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். ஊறவைத்த இலையை அளவுத்தகடு வைத்துக் கத்தரித்து, தூளை நிரப்பி, சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் கூலியும் நின்றுவிடும்.

அந்தத் தட்டுக்கு எதிரில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை. அதன் கால் சும்மா இருக்குமா? இலையை இழுக்கும், நூல்கண்டை உருட்டும், வாசலைத் தாண்டி ரோட்டுக்கு ஓடும். இரண்டு தடவை எழுந்து போய்ப் பிடித்து வரும் அம்மா, மூன்றாவது தடவை செல்போனில் கார்ட்டூனைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். அவ்வளவுதான், பிள்ளை சிலையாகிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சத்தமே இல்லை.

அந்த அம்மாவைக் குற்றம் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பெண்கள் அதிகம் வேலை செய்யும் தொழிற்கூடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து சுற்றுகிறவருக்கு அந்தக் காப்பகம் எங்கே இருக்கிறது? சென்னையில் அடுக்குமாடி வீட்டில் லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் இதே கதைதான். தட்டுக்குப் பதில் லேப்டாப், அவ்வளவே வித்தியாசம்.

ஆனால் அந்த ஒரு மணி நேர அமைதிக்கு விலை கொடுப்பது பிள்ளையின் காலும் கையும்தான்.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்!

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும், எவ்வளவு தூங்க வேண்டும், எவ்வளவு திரை பார்க்கலாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடல் அசைவு. அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் குதிப்பும். தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைவென்றால் இன்னும் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம்.

180 நிமிடம் என்றதும் பலர் மலைத்துப் போகிறார்கள். பெரியவர்கள் நாமே அரை மணி நேரம் நடக்கச் சோம்பல்படுகிறோம்! ஆனால் இது ஒரே மூச்சில் செய்யும் உடற்பயிற்சி இல்லை. ஆச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்தால் அதுவும் கணக்கு. கோழியை விரட்டினால் கணக்கு. குளிக்க மாட்டேன் என்று வீட்டைச் சுற்றி ஓடினால் அது மூச்சு வாங்கும் 60 நிமிடத்தில் சேரும். தூக்கம் போக விழித்திருக்கும் 11 முதல் 14 மணி நேரத்தில், கால்வாசியாவது உடம்பு அசைந்தால் போதும் என்பதுதான் அந்தக் கணக்கின் சாரம்.

அதே வழிகாட்டுதலில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. குழந்தையை ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டதுபோல வைக்கக் கூடாது என்கிறது அது. தள்ளுவண்டி, உயரமான நாற்காலி, முதுகில் கட்டிக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். நம் ஊருக்கு இதில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, ஊர் ஊராகச் சுற்றி வரும் ஸ்கூல் வேன். இன்னொன்று, தொட்டில். விழித்திருக்கும் குழந்தையைத் தூளிக்குள் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் அது புரளுவது எப்போது, தவழுவது எப்போது? இன்னும் தவழத் தொடங்காத குழந்தையைக்கூட, விழித்திருக்கும்போது நாளொன்றுக்கு 30 நிமிடமாவது பல தடவையாகக் குப்புறப் போட்டு விளையாடவிட வேண்டும் என்கிறார்கள்.

விழுந்தால்தான் நடை வரும்

"ஓடாதே, விழுந்துடுவ!" - தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை நாளெல்லாம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடோல்ஃப் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும், 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாடவிட்டு, அடிகளையும் விழுதல்களையும் எண்ணினார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வின்படி ஒரு குழந்தை சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடி எடுத்து வைக்கிறது. அதே ஒரு மணி நேரத்தில் 17 தடவை விழுகிறது! எழுந்து மறுபடி நடக்கிறது. நடை என்பது இப்படி ஆயிரக்கணக்கில் அடி வைத்துப் பழகி வருவது. விழவே விடாமல் இடுப்பிலேயே சுமந்தால், அந்த ஆயிரங்கள் எங்கிருந்து வரும்?

இடுப்பில் சுமக்காதவர்கள் வாக்கரில் உட்கார வைக்கிறார்கள். சக்கரம் வைத்த வட்டச் சட்டம், நடுவில் தொங்கும் இருக்கை. குழந்தை அதில் உட்கார்ந்தபடி நுனிக்காலால் உந்தி வீடு முழுக்கப் பறக்கும். பார்க்க நடப்பதுபோல இருக்கும், ஆனால் அது நடையே இல்லை. உடம்பின் எடையைக் கால் தாங்குவதில்லை, விழாமல் நிற்கும் வித்தையை உடம்பு கற்பதும் இல்லை. படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004-ல் இந்த வாக்கரை விற்கவே தடை போட்டுவிட்டது. இங்கே பெயர் சூட்டு விழாவுக்கு அதைத்தான் பரிசாகத் தூக்கி வருகிறோம்.

நம்மிடம் இதைவிட நல்ல பொருள் ஏற்கெனவே இருக்கிறது. நடைவண்டி! பக்கத்து அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான்களோடு நடைவண்டியும் கடையில் தொங்கும். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, தன் வேகத்தில் தள்ள வேண்டும். உட்கார இடமே கிடையாது, அதுதான் அதன் சிறப்பு. மேடு பள்ளத்தில் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும்.

பிள்ளைத்தமிழ் என்னும் வளர்ச்சி அட்டவணை

டாக்டர் கிளினிக்கில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். எந்த மாதத்தில் தலை நிற்கும், எப்போது உட்காரும், எப்போது நடக்கும் என்று படத்தோடு இருக்கும். தமிழில் அப்படி ஒன்றைப் புலவர்கள் பாட்டாகவே வைத்திருந்தார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைக் கொஞ்சம் இந்தக் கண்ணோடு பாருங்கள். செங்கீரை என்பது குழந்தை இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி என்பது உட்கார்ந்து கை தட்டுவது. வருகை என்பது தளர்நடை போட்டு வரச் சொல்லி அழைப்பது. சிறுபறையில் குச்சி பிடித்து அடிக்கிற கை, சிறுதேரில் வண்டி உருட்டுகிற கால். பெண்பாற் பிள்ளைத்தமிழில் வரும் அம்மானை, காயை மேலே எறிந்து பிடிப்பது. ஊசல், ஊஞ்சல்.

மூன்றாம் மாதத்தில் காப்பு தொடங்கி, இரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாக 21-ஆம் மாதம் சிறுதேர் வரை ஒரு மரபுக் கணக்கு உண்டு. அதன்படி வருகைப் பருவம் 13-ஆம் மாதம். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் தயாரித்த கணக்கில், பிடிக்காமல் தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் வரும் என்கிறார்கள். 13-ஆம் மாதம் ஏறக்குறைய அதன் நடுவில் வந்து உட்கார்கிறது!

இந்த அகலமான இடைவெளியைக் கவனியுங்கள். நாத்தனார் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, நம் பிள்ளை பதினான்கிலும் நடக்கவில்லை என்று ராத்தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஆய்வில் நூற்றில் நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலேயே நடைக்குப் போயிருந்தன.

நடக்க வந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இரண்டு வயதில் ஓட்டம், பந்தை உதைப்பது. இரண்டரையில் இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பக் குதிப்பது. நான்கில் பெரிய பந்தை இரண்டு கையாலும் பிடிப்பது. ஐந்தில் நொண்டியடிப்பது. ஓடுவது, எறிவது, பிடிப்பது, ஒற்றைக்காலில் நிற்பது எல்லாம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம்தான் தானாக வரும். மீதி, யாராவது எதிரில் நின்று பந்தை உருட்டிவிட்டால்தான் வரும். எட்டு வயதில் கிரவுண்டில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளில் பலர், நான்கு வயதில் எறிந்து பிடிக்க ஆள் கிடைக்காதவர்கள்தான்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் அநியாயம் நடக்கிறது. நான்கு வயதிலேயே "பொம்பளப் பிள்ளை இப்படிக் குதிக்கலாமா?" தொடங்கிவிடும். காலைத் தடுக்கும் நீளப் பாவாடை, வழுக்கும் செருப்பு. மரம் ஏறப் போன அண்ணனுக்கு ஒரு அதட்டல் என்றால், பின்னால் போன தங்கைக்கு மூன்று. முட்டி வரை டவுசர் போட்டுவிட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

'அங்கே சும்மா விளையாடத்தான் விடுறாங்க'

கிராமத்தில் இன்றும் 'பால்வாடி'தான். அரசு ஏட்டில் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்தியாவில் தொடங்கியது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயதுக் குழந்தையின் தட்டுவரை சாப்பாட்டைக் கொண்டு வந்தது. இன்று தமிழ்நாட்டில் குறு மையங்களையும் சேர்த்து 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். பீடித்தட்டுக்கு முன்னால் உட்காரும் அம்மாவுக்கு உண்மையில் இருக்கும் ஒரே காப்பகம் இதுதான்.

இந்த மையங்களுக்கான முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. மாதத்துக்கு ஒரு தலைப்பு, அதற்கேற்ற கதை, பாட்டு, வெளி விளையாட்டு, கைவேலை. பாப்பா பாட்டில் குழந்தையை முதலில் ஓடச் சொன்ன பாரதியின் நினைவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அவர் 1918 கடைசியிலிருந்து 1920 வரை குடியிருந்த கடையம் இதே தென்காசி மாவட்டத்தில்தான், செல்லம்மாளின் ஊர்.

ஆனால் பல பெற்றோருக்கு அந்தப் பெயரே ஆட்சேபணை. "அங்க ஆடிப்பாடிட்டு, சாப்பிட்டு, தூங்கிட்டு வருது. ஒரு ஏ, பி, சி, டி தெரியல" என்று மூன்று வயதிலேயே பிள்ளையை எடுத்து இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். இந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் 2019 ஜனவரியில் அரசே 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கியது. 2022-ல் அவற்றைப் பழையபடி மாற்றப்போவதாகச் செய்தி வந்ததும் பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு கிளம்ப, தொடரும் என்று அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த ஆசை அவ்வளவு வலுவானது. நம் பிள்ளை நம்மைப்போல் தட்டுக்கு முன்னால் உட்காரக் கூடாது என்ற ஆசை அது. அதைக் கேலி செய்ய முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வயதில் பென்சிலைப் பிடித்து நாலுகோடு நோட்டில் எழுத வைத்தால் எழுத்து சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையில். எழுதுவது விரல் வேலை மட்டுமில்லை. முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும், தோள் அசையாமல் தாங்க வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும், அதன்பிறகுதான் விரல். தொங்குவதும் ஏறுவதும் மண் தோண்டுவதும் வாளி தூக்குவதும் தோளையும் மணிக்கட்டையும் பலமாக்கும். சப்பாத்தி மாவு பிசைவதும் புளியங்கொட்டை பொறுக்குவதும் விரலுக்கு. இந்தப் பிள்ளை எழுத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, விளையாடுவது மட்டும்தான் தெரிகிறது. மழலையர் வகுப்புகளில் எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ கூடவே கூடாது என்று என்.சி.இ.ஆர்.டி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. ஸ்கூல் சேர்க்கும்போது கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: ஒரு நாளில் எத்தனை நிமிடம் வெளியே விடுவீர்கள்?

அங்கன்வாடிகள் எல்லாம் குறையில்லாதவை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே அறை, முற்றமே இல்லாத கட்டடங்கள் உண்டு. ஒரே பணியாளர்தான் பாட்டும் சொல்ல வேண்டும், எடையும் போட வேண்டும், ரெஜிஸ்டரும் எழுத வேண்டும், 2021-லிருந்து போஷன் டிராக்கர் செயலியிலும் பதிய வேண்டும். பிள்ளைகளோடு ஓட அவருக்கு நேரம் எங்கே மிஞ்சும்? இடம் என்ற ஒன்றுக்கு மற்றவர்கள் என்னவெல்லாம் யோசிக்கிறார்கள் பாருங்கள். டோக்கியோ பக்கத்தில் டச்சிகாவா என்ற ஊரில் 2007-ல் கட்டிய ஃபூஜி மழலையர் பள்ளியில், முட்டை வடிவக் கட்டடத்தின் மொட்டை மாடியே ஓடுதளம். முடிவே இல்லாமல் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். அவ்வளவு வேண்டாம், வேலி போட்ட பத்தடி மண் போதும்.

வளவுக்குள்ளேயே வழி இருக்கு

இதற்கெல்லாம் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை இடம் வரை மாவால் பாதம் போடுவோமே, அதையே ஒரு சாதாரண நாளில் கோலப்பொடியால் போட்டு, பாதத்தின் மேல் பாதம் வைத்து நடக்கச் சொல்லுங்கள். சமநிலைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. மரியா மாண்டிசோரி தன் பள்ளிகளில் தரையில் கோடு போட்டுக் குழந்தைகளை அதன்மேல் நடக்கவிட்டார். 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்.

பழைய காலுறையைச் சுருட்டினால் பந்து. கொட்டாங்குச்சி இரண்டில் கயிறு கட்டினால் ஏறி நடக்கலாம். நுங்கு சீஸனில் நுங்கு வண்டி. ஒரு சொம்புத் தண்ணீரைச் சிந்தாமல் செடிக்குக் கொண்டு போவது பெரிய சவால், அரை மணி நேரம் ஓடும். பாண்டிக் கட்டத்தில் பெரிய பிள்ளைகள் நொண்டியடிக்க, சின்னது இரண்டு காலாலும் தாவட்டும். குற்றாலச் சாரல் இங்கேயும் எட்டிப் பார்க்கும் ஆனி, ஆடியில் வெளியே விட முடியாத நாள் வரும். கட்டிலுக்கு அடியில் புகுந்து வருவது, தலையணை மலை ஏறுவது, பாட்டுப் போட்டு ஆடுவது. வெயில் காலத்தில் காலை பத்துக்கு முன், மாலை நாலரைக்குப் பின்.

பாட்டு என்றதும் இந்த ஊருக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு. வீரகேரளம்புதூரில் இருந்த ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்தபோது, வழி அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாடியதுதான் காவடிச்சிந்து என்பார்கள். அடி வைக்கும் கணக்குக்கே கட்டிய மெட்டு. மெதுவாகவும் வேகமாகவும் மாற்றித் தட்டினால், மூன்று வயதுக் கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம்.

பீடி சுற்றும் வீடுகளுக்கு ஒரு நடைமுறை யோசனை. நாலைந்து வீடு சேர்ந்த வளவில் அரை மணி நேரம் ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் சுற்றலாம். பிறகு அடுத்தவர் முறை. அரை மணி நேரக் கூலி போகுமே என்று தோன்றும். தட்டை வைத்துவிட்டுப் பிள்ளை பின்னால் பத்துத் தடவை எழுந்து ஓடுவதில் போவதும் அதே அரை மணி நேரம்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து தார்சாவில் செல்போனோடு சாய்கிற அப்பாக்களுக்கும் ஒரு முறை ஒதுக்கலாம். பந்து உருட்டப் படிப்பு தேவையில்லை.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். புகையிலைத் தூள் பிள்ளையின் கைக்கு எட்டவே கூடாது. வாயில் போட்டால் விஷம். சுற்றி முடித்ததும் கை கழுவி, முடிந்தால் சேலையும் மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். ஆறும் கால்வாயும் கிணறும் உள்ள ஊர் இது. ஓடவிடுகிற இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும், கூடவே ஒரு பெரியவரின் கண்ணும் வேண்டும். முழங்கை சிராய்ப்பு ஆறிவிடும். மூடாத தொட்டியும் கிணறும் அப்படி இல்லை.

சில அறிகுறிகளை மட்டும் 'வளர்ந்தா சரியாகும்' என்று விடக் கூடாது. 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை, எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிறது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறி எழுகிறது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை - இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில், 2013-லிருந்து மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவதும் இலவசம். குழு எந்தத் தேதியில் வருகிறது என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையை மறக்காமல் அனுப்பிவையுங்கள்.